பளிச்சக்கா துடைத்த சுவர்

ஹோட்டலில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். முதலாளி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பளிச்சக்காதான். இருபத்திரண்டு வருடங்களில் முதல் பாதி அறைகளைத் துடைத்தவள், மறுபாதி துடைப்பவர்களை மேய்ப்பவள். அறைக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பார்க்க மாட்டாள். கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். விரல் கறுத்தால் அந்த அறையைத் துடைத்தவளின் பாடு திண்டாட்டம்.

"தெரியற இடத்தை யாரு வேணா துடைப்பா. நமக்குச் சம்பளமே தெரியாத இடத்துக்குத்தான்டி."

எல்லாம் சரியாக இருந்தால் கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் தேதி, நேரம், தன் பெயரின் முதல் எழுத்து மூன்றையும் போடுவாள். அவள் எழுத்து விழுந்த அறையை மறுபடி யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

வீட்டிலும் அதே ஆட்சி. கணவர் கப்பல்களுக்கு வண்ணம் அடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வேலையை விட்டு வந்தவர். "நான் எழுந்தா நாற்காலியைத் துடைக்கிறா. நாளைக்கு நான் செத்தாலும் என்னைத் துடைச்சு வச்சுட்டுத்தான் அழவே ஆரம்பிப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் சிரிக்காமல், "பேசும்போது எச்சில் தெறிக்குது பாருங்க" என்பாள்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே தகரக் கூரை. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு ஏஜென்ட் வந்து, புயலுக்கு வீட்டை இன்சூரன்ஸ் செய்துகொள்ளச் சொன்னான். செய்தார்கள். ஒரு தவணை தவறியதில்லை. பாலிசி பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியின் மேல் இருந்தது. வாரம் ஒருமுறை அந்த உறையைத் துடைப்பாள். பிரித்துப் படித்ததில்லை.

புயல் ஒரு பிற்பகலில் வந்தது. பின்னறைக்கு மேலிருந்த தகரங்கள் முதலில் பிய்த்துக்கொண்டு போயின. பிறகு கூடத்தின் பாதிக் கூரை போயிற்று. மழை நாலு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே பெய்தது. துருவும் மரச்சட்டச் சாயமும் கரைந்து, சுவர் நெடுகப் பழுப்புக் கோடுகளாக இறங்கின. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் ஒரே முக்காலியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு தெருச் சாக்கடை பொங்கி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வாசல் வழியாகவும் வந்துவிட்டுப் போனது.

காலையில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். சேதத்தைக் கணக்கிடும் சர்வேயர் வந்து பார்ப்பார் என்றார்கள். கணவர் செல்போனை எடுத்துச் சுவரை நோக்கிப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"போட்டோ எடுக்கறேன். அவங்களுக்கு அனுப்ப வேண்டாமா?"

"இந்தக் கோலத்துலயா? வர்றவங்க என்ன நினைப்பாங்க? வைங்க அதை உள்ள. ரெண்டு நாள் பொறுங்க, நல்லா எடுக்கலாம்."

அவர் வைத்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம்.

அவள் லீவு போட்டாள். சோடாவும் வெளுப்புப் பொடியும் கலந்து, ஏணி போட்டு ஏறி, கோடு கோடாகத் தேய்த்து எடுத்தாள். ஊறிப்போன மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினாள். எதிர்த்தெருவில் கிடந்த தங்கள் வீட்டுத் தகரங்களை அவள் விடவில்லை. நாலு பேர் கால் கிழியும் என்று பொறுக்கி வந்து அதே வண்டியில் போட்டாள். கூரையில் பலகையும் தார்ப்பாயும் ஏறின. மூன்றாம் நாள், கழுவி முடித்த வீட்டைப் பன்னிரண்டு போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வேலி ஓரமாக நின்று பார்த்தான். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பதால் தெருவில் அவனுக்கு 'அப்புறம்' என்றே பெயர்.

"அக்கா, எங்க வீட்டுப் பக்கம் தப்பித் தவறி வந்துடாதீங்க. மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க."

"மூணு நாளாச்சு, மெத்தை இன்னும் கூடத்துல தொங்குது. வெட்கமா இல்ல?"

"அப்புறம் எடுக்கலாம்க்கா. அது எங்க போயிடப் போகுது?"

சர்வேயர் வந்தது பதினொன்றாம் நாள். சின்னப் பையன் போல இருந்தான். தரையைப் பார்த்ததும் கேட்காமலே பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தான். நல்ல வளர்ப்பு என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. அவன் ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்தான். பிறகு கூடத்தின் நடுவில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சேதம் எங்கம்மா?"

"இங்கதான் தம்பி. இந்தச் சுவர் பூரா."

"ஒண்ணும் தெரியலையே."

"துடைச்சிட்டேன்ல."

"மெத்தை, சாமான்?"

"குப்பை வண்டியில போட்டாச்சு."

"பறந்து போன தகரம்? அது இருந்தா ஆணி பிடுங்கின இடம் தெரியும்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவன் வெளியே போய் வீட்டைச் சுற்றினான். வெளிச்சுவரில் ஒரு அடி உயரத்தில் சேற்றுத் தண்ணீரின் தடம் நேர்கோடாக ஓடியது. உள்ளே முடித்துவிட்டு வெளியே கழுவலாம் என்று அவள் விட்டுவைத்த ஒரே இடம். அவன் அதை டேப் வைத்து அளந்தான், குனிந்தும் நிமிர்ந்தும் போட்டோ எடுத்தான்.

"இந்தத் தண்ணிதானே உள்ள வந்தது?"

"இதுவும் வந்துச்சு. ஆனா கடைசியில. முதல்ல எல்லாம் மேல இருந்துதான் கொட்டுச்சு, தம்பி."

"அம்மா, காத்து கூரையைப் பிச்சு, மழை உள்ள வந்திருந்தா உங்க பாலிசியில பணம் உண்டு. தெருத் தண்ணி ஏறி வந்தா கிடையாது. மேல இருந்து வந்ததுக்கு ஒரு தடம் வேணும்."

"தடம் இருந்துச்சுப்பா. இந்தக் கையாலதான் தேய்ச்சேன். அப்போ, நாத்தமா போட்டு வச்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவன் குனிந்தான். பூட்ஸ் நாடாவைக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டின் உட்புறச் சேதம் தெருவிலிருந்து ஏறிய வெள்ளத்தால் ஆனது, பாலிசியில் சேராது. கூரையின் சேதம் பராமரிப்புக் குறைவால் ஆனது, அதுவும் சேராது. அவ்வளவுதான். பணம் வராது என்பது அவளுக்குச் சர்வேயர் போன அன்றே பாதி தெரியும். பராமரிப்புக் குறைவு என்ற வார்த்தையில்தான் அவள் கண் நின்றுவிட்டது. மூன்று முறை படித்தாள்.

"என்னையாங்க சொல்றாங்க? இந்த வீட்டையா?"

"கம்பெனி பாஷை அது. எல்லாருக்கும் அதையேதான் எழுதுவாங்க" என்றார் கணவர். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

இருமல்தான் உண்மையான கணக்கு. தார்ப்பாய்க்குக் கீழே பின்னறை காயவே இல்லை. அவள் எவ்வளவு தேய்த்தாலும் மூலையில் பூஞ்சை மறுபடி பூத்தது. டாக்டர் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "அடுத்த மழைக்காலத்துக்குள்ள கூரை போடுங்க. இல்ல, இவரை வேற எங்கயாவது வைங்க. இந்த நெஞ்சு இன்னொரு மழையைத் தாங்காது." வேறு இடம் என்றால் அவருடைய தங்கை வீடுதான். அடுத்த ஊர், அங்கே இடம் இருப்பது ஒரு ஆளுக்கு.

அவள் கம்பெனி ஆபீசுக்கு நடந்தாள். நாலு முறை போய், நாலு கவுன்ட்டரில் நின்றாள். கடைசிக் கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அந்தப் பன்னிரண்டு போட்டோவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வீட்டை ரொம்ப அழகா வச்சிருக்கீங்கம்மா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

"அதுக்கு முந்தி எடுத்தது ஒண்ணாவது இருந்தா..." என்று இழுத்தாள் அந்தப் பெண்.

"எடுக்க விடலம்மா. நான்தான் விடல."

லாரி டிரைவர் 'அப்புற'த்துக்குப் பணம் வந்துவிட்டது. சர்வேயர் அவன் வீட்டில் காலை வைத்ததும் தொங்கிய மெத்தை, சுவரில் இறங்கிய கோடு, கூடத்திலேயே கிடந்த தகரம் எல்லாம் வரிசையாக நின்று சாட்சி சொல்லியிருக்கின்றன. புதுத் தகரம் இறங்கிய அன்று அவன் அவள் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றான். உள்ளே வருவதற்கும் மனமில்லை, போவதற்கும் இல்லை.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ளயும் மேல இருந்துதான் கொட்டுச்சுன்னு நான் எழுதிக் குடுக்கட்டுமா? உங்க தகரம் பறந்ததை நான் பார்த்தேனே."

எழுதினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை அன்றைக்கே செய்தான். படம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் வார்த்தையை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. கூரை பழுது பார்க்கப்படாததால் பாலிசியைப் புதுப்பிக்க முடியாது.

அதற்குப் பிறகும் அவள் ஹோட்டலுக்குப் போனாள், கதவு நிலையில் விரலை இழுத்தாள். ஒரு நாள் விரல் கறுத்தது. துடைத்த பெண் திட்டுக்குக் காத்து நிற்க, பளிச்சக்கா விரலைத் தன் புடவையில் துடைத்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று ஹோட்டல் முழுக்க அதுதான் பேச்சு.

மழைக்காலத்தின் முதல் மேகம் வந்த வாரம் கணவரின் பை தயாரானது. மடித்த சட்டைகளை இரண்டு முறை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். அவளுக்கு ஹோட்டலின் பின்புறத்தில், வேலைக்காரர்கள் அறையில், ஒரு கட்டில் சொல்லியிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னார்: "இனி நான் உட்கார்ந்த நாற்காலியை யாரும் துடைக்க மாட்டாங்க. நிம்மதி."

"வாயை மூடிட்டு வாங்க... போங்க" என்றாள். எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்து, கறுத்த துணியை அவளிடம் காட்டினார். பஸ் போயிற்று.

வீட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் கிழிசல் வழியாகக் கூடத்துச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கை தானாகத் துணிக்குப் போனது. நனைத்தாள், பிழிந்தாள், சுவர் வரை போனாள். அங்கேயே நின்றாள்.

பிறகு கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து, கோட்டின் பக்கத்தில் தேதியும் நேரமும் தன் முதல் எழுத்தும் போட்டாள். பாலிசி இல்லை, சர்வேயர் இல்லை, வந்து பார்க்க ஒருவரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இரண்டாவது கோடு இறங்கத் தொடங்கியது. அது எழுத்தின் மேல் படாமல் போகுமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். படத்தான் செய்தது.