பாக்கியம் கொண்டுவந்த முடிச்சு

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், தன் கல்யாண மாலைப் பூக்களை வாடாமல் காப்பாற்றப்போகிறேன் என்று ஒரு டப்பாவைத் திறந்தாள். ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் ரெசினின் வாடை. பாதி நெயில் பாலிஷ், பாதி சூடுபட்ட பிளாஸ்டிக். "அக்கா, ஒங்களுக்கு இது தெரியுமாமே, சொல்லிக் குடுங்க" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தெரியும்தான். திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியறையில் நானும் ஸ்டெல்லாவும் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தோம். காலேஜ் முடித்து வேலை கிடைக்காத இரண்டு பேர், 'டிசைனர்' என்று கார்டு அடித்துக்கொண்டோம். என் முதல் தோடுகளுக்குள் வைத்த செம்பருத்தி இதழ்கள் ஒரே வாரத்தில் காப்பித்தூள் நிறத்துக்குப் போயின. அதையும் 'ஆன்டிக்' என்று சொல்லி விற்றேன். ஸ்டெல்லா அப்படியில்லை. கோட்டைப்பட்டினத்துக்காரி, வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவள். ஒரு கொக்கி கோணினாலும் பிரித்து மறுபடி போடுவாள்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒரு கல்யாண மண்டப வாசலில் கைவினைச் சந்தை நடக்கும். சுடுமண் ஜிமிக்கி, பட்டுநூல் வளையல், எங்கள் ரெசின் டாலர்கள். அங்கேதான் பாக்கியம் வந்தாள். ஜெகதாப்பட்டினம். மறுநாள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கவேண்டும் என்று சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் கணவர் போன படகு திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

கைக்குட்டையைப் பிரித்து ஒரு துண்டு நீல வலைநூலைக் காட்டினாள். நடுவில் ஒரு முடிச்சு.

"அவுக கையால போட்டதுங்க. எடுத்து எடுத்துப் பாத்து நைஞ்சுபோகுது. அந்தப் பூவெல்லாம் உள்ள இருக்கே, அதுமாதிரி இத வச்சுத் தர முடியுங்களா?"

நான்தான் முந்திக்கொண்டு வாங்கினேன்.

ஸ்டெல்லா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் வேலையைத் தொடங்கினேன். நூலில் மீன் வாடையும் உப்பும் இருந்தன. நன்றாக வரட்டுமே என்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். முடிச்சு இளகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்ந்து, வெறும் நூலாக என் விரலில் கிடந்தது. பிறகு நானே ஒரு முடிச்சுப் போட்டு, அச்சில் வைத்து, ரெசினை ஊற்றினேன்.

திரும்பி வந்த ஸ்டெல்லா டாலரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது வலை முடிச்சு இல்லடி. யாரு போட்டது?"

சொன்னேன்.

"அந்தம்மாட்ட சொல்லிரு."

"இருக்கிறதையும் பறிச்ச மாதிரி ஆயிரும் ஸ்டெல்லா. அதுக்குத் தெரியவா போகுது?"

அவள் டாலரை என் கையில் வைத்துவிட்டுத் தன் வேலையை எடுத்தாள்.

அடுத்த சந்தையில் பாக்கியம் டாலரை வாங்கி உள்ளங்கையில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டைவிரலால் மேலே தடவினாள். சொல்லிவிடலாம் என்று என் வாய் வரை வந்தது. நான் சொன்னது, "கழுத்துல போட்டுப் பாருங்க."

"பளிச்சுனு இருக்குங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நல்லா இறுக்கமாவும் இருக்கு." கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பத்து வயதிலிருந்து வலை முடிந்த கை பாக்கியத்தினுடையது என்று ஸ்டெல்லா அன்று சாயங்காலம்தான் சொன்னாள். முதல் நாள் நான் அந்த நூலை வாங்குவதற்கு முன்பே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதன்பிறகு ஸ்டெல்லா அறைக்கு வருவது குறைந்தது. ஒருநாள் தன் இடுக்கி, குறடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "வாரேன்டி" என்றாள். திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஜெகதாப்பட்டினம் போனேன். ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. "பாக்கியமா? பிள்ளையளக் கூட்டிக்கிட்டு கேரளாப் பக்கம் போயிருச்சு. அங்கிட்டு எந்த ஊருன்னு தெரியலங்க" என்றார் எதிர்வீட்டம்மா. என் முகத்தைப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சந்தையும் நின்றுபோயிற்று. மண்டபத்தை இடித்து மொபைல் கடைகள் கட்டிவிட்டார்கள். போன வாரம் அந்த டப்பா வாடையோடு வீட்டுக்குள் வந்ததும், ஸ்டெல்லாவின் பழைய நம்பரைத் தேடி எடுத்தேன். மணி அடித்தது. ஓர் ஆண் குரல், பின்னால் லாரி ஹாரன்.

"ஸ்டெல்லா இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லைங்களே. இது என் நம்பருங்க, நாலு வருசமா" என்றவர், நான் போனை வைக்காமல் இருப்பதைக் கவனித்திருக்கவேண்டும். "ஏதும் சொல்லணுங்களா?" என்று கேட்டார்.