ஃபெலிஸ்மினா வண்டி ஓட்டிய ஆகஸ்ட்

பாரிஸுக்குப் பக்கத்தில் ஷாம்பின்யியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், போர்ச்சுகலின் வடகோடியில் இருக்கும் சொந்த ஊர் வந்துதான் அர்மிந்து வண்டியை நிறுத்துவான். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பெட்ரோல் போட இரண்டே இடம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபெலிஸ்மினா ரொட்டிக்குள் பன்றித்தொடைக் கறித் துண்டை வைத்து அவன் வாயில் ஊட்டிவிடுவாள். ஒவ்வொரு ஆகஸ்டும் இப்படித்தான், முப்பத்தொரு வருஷமாக.

அந்த வருஷம் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, டைல்ஸ் பதிக்கப் போன வீட்டில் அர்மிந்து ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

"பஸ்ஸுல போயிரலாம்" என்றான், மாவுக்கட்டைப் பார்த்தபடி.

"வாங்கி வச்ச சாமானையெல்லாம் யாரு தலையில ஏத்துறது? நான் ஓட்டுறேன்."

நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை லைசென்ஸ் வாங்கியவள் ஃபெலிஸ்மினா. அப்போது வயது ஐம்பத்து நான்கு. இருபது வருஷமாக அலுவலகங்களைக் கூட்டித் துடைத்த கை. ஆனால் அர்மிந்து அவளைக் கடைத்தெருவுக்கு அப்பால் ஓட்டவிட்டதில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். லாரி எதிர்ப்பட்டபோதெல்லாம் அர்மிந்துவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பிரான்ஸின் தெற்கே போர்தோ நகரத்துச் சுற்றுச்சாலையில் அவள் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டதும் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? பலகை எவ்ளோ பெருசா நிக்குது! நான் அன்னைக்கே சொன்னேன், பஸ்ஸுல போவம்னு!"

ஃபெலிஸ்மினா அடுத்த ஓய்விடத்தில் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து, சாவியை அவன் மடியில் போட்டாள்.

"இந்தா மனுஷா. ஒத்தக் கையால ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கத்துறேன்."

அவன் சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இறங்கிப் போய்ச் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி வாங்கி, இடது கையால் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தான்.

"பலகைய நான் படிக்கிறேன். நீ ரோட்டப் பாரு" என்றான்.

அதற்குப் பிறகு பயணம் லேசாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு, ஸ்பெயின் எல்லைக்கு முந்தின கடற்கரை ஊரான ஆந்தாய்க்குள் அவள் வண்டியைத் திருப்பினாள்.

"ஏ புள்ள, வழி இது இல்ல!"

"இதுதான். ரூம் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு இவ்ளோதான்."

"வழியில படுத்துத் தூங்குறதா? ஊருல கேட்டா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். மூத்திரத்த அடக்கியே எனக்குப் பாதி ஆயுசு போயிருச்சு."

கடல் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பார்த்ததெல்லாம் காரின் கண்ணாடி வழியாக. அர்மிந்து மாவுக்கட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் இறங்கினான். இரண்டாவது அலை அவனை மணலில் உட்காரவைத்தது. கையை மட்டும் கொடிக்கம்பம் போலத் தூக்கிப் பிடித்திருந்தான். தூக்கிவிட வந்த ஃபெலிஸ்மினா சிரித்த சிரிப்பில் அவளும் பக்கத்திலேயே விழுந்தாள். ஈர உடையோடு உட்கார்ந்து பொரித்த கணவாய் தின்றார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் அவன் எழுந்தான். ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இன்னொரு நாள் ரூம் கிடைக்குமா, கேளேன்" என்றான். கிடைத்தது. ஊரில் காத்திருந்த தம்பி ஜெர்வாசியுவுக்குப் போன் போட்டான்.

"வண்டியில ஏதோ கோளாறுடா. சூடேறுது."

"தண்ணி பாத்தியாண்ணே?"

"தண்ணிகிட்டதான்டா நிக்கிறேன்."

பின்னால் கடற்காகங்கள் கத்தியது தம்பிக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊருக்குள் ஏறினார்கள். வீட்டு முற்றத்துக்குள் வண்டியைப் பின்புறமாக விடுவது அர்மிந்துவுக்கே மூன்று தடவை எடுக்கும். ஃபெலிஸ்மினா ஒரே தடவையில் விட்டாள். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"ரெண்டு நாளு கடல்ல கெடந்தோம்டா. இவதான் முழு வழியும் ஓட்டினா" என்று, தம்பி கேட்பதற்கு முன்னால் அர்மிந்துவே சொல்லிவிட்டான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் காலை ஜெர்வாசியுவின் மனைவி இடலினா கைநிறைய முட்டையோடு வந்தாள்.

"அக்கா, நாப்பத்தொம்பது வயசுல எனக்கு வண்டி ஓட்டுறதெல்லாம் மண்டையில ஏறுமா?"

ஃபெலிஸ்மினா சாவியை எடுத்தாள். ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயலில் இடலினாவை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினாள். வண்டி தவளைபோலத் தாவித் தாவிப் போய் நின்றது.

"பரவால்ல" என்றாள் ஃபெலிஸ்மினா. "திருப்பி ஸ்டார்ட் பண்ணு."