கழுவித் துடைத்த பிக்கப்

அந்தத் தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பளபளா என்றால்தான் தெரியும். மற்றவர்கள் பல் துலக்கும் நேரத்தில் அவன் தன் பிக்கப்பின் டயரைத் தேய்த்துக்கொண்டிருப்பான். பதினான்கு வருஷம் ஊரார் வண்டிகளை ஓட்டியவன்; ஒரு நாளும் எந்த முதலாளியின் வண்டியையும் அழுக்கோடு கொண்டுபோய் விட்டதில்லை. நாற்பதாவது வயதில் சொந்தமாக ஒன்று வாங்கினால் சும்மா இருப்பானா? பழைய வண்டிதான், அவனுக்கு முன்பு மூன்று கை மாறியது. ஆனால் அவனுடைய அக்கா, “என் தம்பி சொந்த வண்டி வச்சிருக்கான்” என்று சொல்லும்போது பழசு என்ற பேச்சையே எடுக்கமாட்டாள்.

கண்ணாடிக் கடைக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்றிப்போவது அவன் வேலை. கண்ணாடிகளைச் சாய்த்து வைக்க அவனே மரச்சட்டம் அடித்து, ஓரமெல்லாம் கம்பளி ஒட்டி வைத்திருந்தான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே சுருட்டிய துணியைச் செருகுவான். இரண்டு வருஷத்தில் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை.

நான்கு மாதமாகத்தான் வினை. காலி வண்டி நன்றாக ஓடும். லோடு ஏற்றி மேட்டில் ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். எங்கே போகிறது என்றுதான் தெரியாது.

முதலில் பார்த்தவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டு நாள் கூலி போயிற்று. அடுத்தவர் ரேடியேட்டரே போச்சு என்றார். அதில் இரண்டு வாரக் கூலி. அதன் பிறகு வாட்டர் பம்ப். கடைசியாகப் போன மெக்கானிக் விவரமானவன் என்று பெயர். அவன் டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அண்ணே, எங்கயும் ஒழுகலையே. சொட்டு ஈரம் இல்ல.”

“அப்புறம் தண்ணி எப்படிக் குறையுது?”

“வெளியில போகலைன்னா உள்ளதான் போகுது. வண்டி குடிக்குது. இன்ஜின் தலைக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட்டை மாத்திப் பார்த்துடலாம்.”

வண்டி ஒன்பது நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. ஆறு வாரக் கூலி கரைந்தது.

“வண்டி குடிக்குதாமே,” என்றாள் அவன் மனைவி. “நல்லவேளை, நீங்க குடிக்கல. ரெண்டு பேருக்கும் சேர்த்து என்னால முடியாது.”

ஒவ்வொரு தடவை ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன்பும் அவன் செய்வது ஒன்றுண்டு. லோடை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, வண்டியைக் கழுவுவான். பானெட்டைத் திறந்து, இன்ஜினின் சந்துபொந்தெல்லாம் பிரஷ் விட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைப்பான்.

“ரிப்பேருக்குக் கொண்டுபோறீங்களா, விக்கக் கொண்டுபோறீங்களா?” என்பாள் மனைவி.

“டாக்டர்கிட்ட போறப்ப குளிச்சிட்டுத்தானே போறோம்?”



ஹெட் கேஸ்கெட் மாற்றியும் வண்டி இரண்டு முறை நடுவழியில் நின்றது. கண்ணாடிக்கடை முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பளபளாவைக் கலக்கியது.

“நாளைக்கு ஒரு கிளினிக்குக்குப் பன்னெண்டு கண்ணாடி போகணும். மதியத்துக்குள்ள வரலைன்னா நான் வேற வண்டி பார்த்துக்குவேன். தப்பா நினைக்காத.”

இந்த வேலை போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். மறுபடி யாரோ ஒருவரின் சாவியை வாங்கி, யாரோ ஒருவரின் வண்டியைத் துடைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம்வரை கட்டட வேலை நடக்கும் இடத்தில் கண்ணாடி இறக்கிக்கொண்டிருந்தான். வண்டி முழுக்கச் சிமென்ட் தூசி. விடிந்ததும் லோடு ஏற்றச் சொல்லிவிட்டார்கள், கழுவ நேரமில்லை. அழுக்கு வண்டியை ஓட்டுவது அவனுக்குக் கிழிந்த சட்டையோடு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது.

மறுநாள் காலை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் முள் சிவப்புக்கு ஏறியது. பானெட் இடுக்கில் புகை. ஓரங்கட்டி, மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழைத்தான். மணி பத்தே கால்.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான். உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. துணியெல்லாம் கண்ணாடிகளுக்கு நடுவே செருகியிருந்தது. ஆறட்டும், சட்டை நுனியாலாவது துடைத்துவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணே, இது என்ன?”

இன்ஜினுக்குப் பின்னால், தூசி படிந்த தகரத்தின்மேல் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று வழிந்திருந்தது.

“அதுவா? அடிக்கடி வரும். பாசி. தேய்ச்சா போயிடும்.”

“பாசியா?” மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டு சாலையோரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். “கூலன்ட் அண்ணே அது! ரேடியேட்டர் தண்ணியில கலந்து ஊத்துற பச்சை மருந்து. அந்தக் கோட்டுக்கு மேல பாருங்க, சுண்டுவிரல் மொத்தத்துல ஒரு ஹோஸ். அதுல வெடிப்பு. லோடோட மேட்டுல ஏறினா சூட்டுல திறந்துக்கும், ஆறினா மூடிக்கும்.”

“ஒன்பது நாள் வண்டியை வச்சிருந்தியே, இது உன் கண்ணுல படலையா?”

“எங்க பட விட்டீங்க? உங்க இன்ஜின்ல என்னால முகம்தான் பார்க்க முடிஞ்சுது. கறை எதாவது பார்த்தீங்களான்னு அன்னைக்கே கேட்டேனே, என்ன சொன்னீங்க?”

பளபளாவுக்கு நன்றாக நினைவிருந்தது. “என் வண்டியிலயா கறைன்னு கேட்டேன்.”

“அதான்.”

“அப்ப ஹெட் கேஸ்கெட்?”

“புதுசு. பத்து வருஷம் ஓடும்.”

“நீ சிரிச்சின்னா உன்னைப் பாலத்துலேருந்து தள்ளிடுவேன்.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு ஜாண் ஹோஸை எடுத்து, வெட்டி மாட்டி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினான். அந்த ஹோஸின் விலை இரண்டு டீ. பிறகு ரேடியேட்டரை நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, முள் நடுவில் நிற்பதைக் காட்டினான்.

“ஒரு வாரத்துக்கு இன்ஜின் பக்கம் தண்ணி, துணி, பிரஷ் எதுவும் போகக் கூடாது. வேற எங்கயாவது ஒழுகினா கறைதான் காட்டிக்கொடுக்கணும்.”

“வெளியில மட்டுமாவது?”

“வெளியில கை வச்சா நீங்க உள்ள போகாம இருப்பீங்களா?”

கிளினிக் வாசலில் அவன் நிறுத்தியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அங்கே காத்திருந்த கண்ணாடிக்கடை முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இறக்கிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. வேலை உனக்குத்தான்.”

பளபளா மூச்சு விட்டான்.

“ஆனா இது என்னய்யா கோலம்? கண்ணாடி ஏத்துற வண்டியா இது? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஒழுங்கா கழுவிட்டு வா.”

பதினாறு வருஷத்தில் அவன் ஓட்டிய வண்டியை அழுக்கு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வாளியோடு வாசலுக்கு வந்தவனிடம் மனைவி கதையை முழுக்கக் கேட்டாள். உள்ளே போய்த் துணி காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்தாள். பானெட்டை முன்பக்கக் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டாள்.

“வெளியில எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்க. இதை ஒரு வாரம் கழிச்சு நான்தான் அவிழ்ப்பேன்.”

அவன் கதவைக் கழுவினான், சக்கரத்தைக் கழுவினான். துணியைப் பிழிந்துகொண்டே பானெட் பக்கம் வந்து நின்றான். பிறகு அந்தக் கயிற்றைத் துடைக்க ஆரம்பித்தான்.