அரிச்சுவடிப் படை

என் அண்ணன் கண்டுபிடித்த போர் விளையாட்டை விளையாட ஆள் கிடைக்காமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் எங்கள் வீட்டு உள்ளறைத் தரை முழுவதும் சாக்பீஸால் கோடு போட்டு அவன் நாடு பிரித்து வைத்திருந்தான். ஒரு மூலையில் ராஜாவின் படை, எதிர்மூலையில் பூதங்கள், நடுவில் ஏழுதலை நாகங்கள், ஜன்னலோரம் பறக்கும் குதிரைகள். எல்லாமே தீக்குச்சிகள். மருந்து முக்காத வெறும் குச்சியைக் கரிசல் மண் உருண்டையில் நட்டு, தீப்பெட்டி லேபிளை வெட்டி உடுப்பு மாட்டிவிட்டால் ஒரு வீரன் தயார். எங்கள் ஊரில் குச்சிக்கும் லேபிளுக்கும் என்ன பஞ்சம். சோழியை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பப் படையை நகர்த்த வேண்டும்.

விதிகள் ஒரு நோட்டு நிறைய இருந்தன. மழை பெய்தால் நாகம் எத்தனை கட்டம் போகும், பசியோடு இருக்கும் குதிரை எவ்வளவு உயரம் பறக்கும் என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்தான். தெருப் பையன்கள் ஆசையாகத்தான் வந்து உட்காருவார்கள். மூன்றாம் பக்கம் வாசிக்கும்போது ஒருவனுக்குத் தாகம் எடுக்கும், இன்னொருவனை வீட்டில் தேடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது நான் ஒருத்திதான். எனக்கு ஒன்பது வயது. தோற்பதற்கென்றே பிறந்தவள் என்பது என்னைப் பற்றி அண்ணனின் அபிப்பிராயம்.

யோசித்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். புதிதாக வருகிறவன் முன்னால் நூற்றுக்கணக்கில் வீரர்களை நிறுத்தி மிரட்டக் கூடாது. பன்னிரண்டே பேர் கொண்ட ஒரு குட்டிப் படை, ஒரு கோட்டை, மூன்று விதி, அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். ருசி கண்ட பிறகு மிச்சத்தை அவனே கேட்டு வருவான். அதற்கு அரிச்சுவடிப் படை என்று பெயரும் வைத்தான். செய்கிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

"புதுசா வாறவன்கிட்ட மூணு விதிக்கு மேல வாயைத் தொறக்காத. மெரண்டுருவான்" என்று எனக்கு உத்தரவு.

முதலில் அகப்பட்டவன் சித்தி மகன். தன் ஊர் மல்லாங்கிணற்றில் வேப்பமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஏழு வயது. அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, எங்கள் வீட்டில்தான் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். ஓடி ஆடின பையன், உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தான். அவன் பாய் அருகில் நான் அரிச்சுவடிப் படையைப் பரப்பினேன். அவ்வளவுதான், பையன் அதில் சொக்கிப்போய்விட்டான். சாப்பாடு ஊட்டும்போதுகூட ஒரு கண் கோட்டை வாசலிலேயே இருந்தது. நாகத்துக்குத் தாகமாக இருக்கும் என்று ஒரு நாள் மூடியில் தண்ணீர் வைத்தான். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஊருக்குத் திரும்பும்போது அவனுக்கென்று சொந்தமாக ஒரு படை கொடுத்தனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் எனக்குக் கொழுப்பு ஏறியது. அண்ணனின் பூதங்கள் வெறும் குச்சிகள், மொட்டைத் தலைகள். என் பூதங்கள் அசல் பூதங்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செக்கச்செவேலென்ற தலை வேண்டும்.

எங்கள் வீட்டில் அது நடவாத காரியம். மருந்து முக்கின குச்சி வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அடுப்படியில் இருந்த ஒரே தீப்பெட்டியும் அம்மாவுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குக் கட்டுப் போடுகிற வார்டில் அவள் வேலை பார்த்தாள். அங்கே கண்டதை எங்களிடம் அதிகம் சொன்னதில்லை, சட்டத்தை மட்டும் சொல்லியிருந்தாள். நான் என்ன செய்தேன் என்றால், லீவு நாளில் தீப்பெட்டி கம்பெனிக்குப் போகும் என் வகுப்புத் தோழியிடம் ஒரு பறக்கும் குதிரையைக் கொடுத்து, பன்னிரண்டு சிவப்புத் தலைக் குச்சிகளும் எட்டுப் புது மேல்பெட்டிகளும் வாங்கினேன். குச்சியை உரசுவதற்காகப் பக்கங்களில் மருந்து பூசியிருந்த பெட்டிகள். அந்தக் கருங்காவி நிறம் அசல் கருங்கல் சுவர் மாதிரியே இருந்தது. மருந்துப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கி ஒட்டிக் கோட்டை கட்டினேன். பூதங்களுக்குச் சுண்ணாம்பில் கண் வைத்து, கிளிப்படம் போட்ட லேபிளில் பாவாடை கட்டினேன். அண்ணனிடம்கூடக் காட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவன் கையில் கொடுத்தேன்.

மூடியை ஒரு விரல்கடை திறந்து பார்த்து, பட்டென்று மூடிவிட்டான்.

"கடிக்குமாக்கா?"

"நீ அடக்கி வச்சா கடிக்காது" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீக, அதான்க்கா புள்ளைக்குக் கால் தப்பிச்சுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா அவனைத் தூக்கிக்கொள்ள, டின்னை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறினான். இன்னும் ஒரு மாதம் அவன் காலை ஊன்றக் கூடாது. அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டே, அன்று வார்டுக்கு வந்த ஒருவனைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். "குச்சியையும் பெட்டியையும் ஒரே பையில போட்டு சைக்கிள்ல கொண்டுபோயிருக்கான். குலுங்கிக் குலுங்கி உரசிருச்சு. ரெண்டு கையும் தோலே இல்ல."

நான் சோற்றில் கையை வைத்தபடி இருந்தேன். குச்சியும் பெட்டியும் ஒரே பையில். என் டின்னில் வேறென்ன இருந்தது? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நடக்கப் பழகும்போதே கை தானாகக் குச்சியை ஒரு பக்கமும் பெட்டியை ஒரு பக்கமும் வைக்கும். எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்றுகூட நான் நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. சித்தி வீடு கூரை வீடு. அவன் படுக்கிற இடத்துக்குப் பின்னாலேயே சோளத்தட்டை அடுக்கியிருப்பார்கள். சித்தியும் சித்தப்பாவும் விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார்கள். அவனால் எழுந்து ஓட முடியாது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நாலடி தூரத்தில்தான் நின்றாள். சட்டத்தை மீறியவள் நான் என்பதால் வாய் வரவில்லை. அடிக்கு மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். அம்மா என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயந்தேன்.

புதன்கிழமை காலையில் அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்தேன். பெரியவர்கள் வாசித்தால் விளங்கக் கூடாது, அவனுக்கு விளங்க வேண்டும். ஆகவே விளையாட்டு விதியாகவே எழுதினேன். 'அன்புள்ள தம்பிக்கு, நாலாவது விதி ஒன்று உண்டு. பூதத்தின் தலையைக் கோட்டைச் சுவரில் உரசவே கூடாது. உரசினால் பெரிய ஆபத்து.' என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் பாதிப் பயம் போயிற்று.

மறுநாளே அந்தப் பயம் முழுதாகத் திரும்பி வந்தது. கார்டு போய்ச் சேர்ந்ததா இல்லையா? விலாசத்தில் விருதுநகர் வழி என்று எழுதினேனா? தபால்காரர் மல்லாங்கிணற்றுக்குத் தினமும் போவாரா? பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தப்புத் தப்பாக வந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்தி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமாக மாட்டுவண்டி விரைந்து போனால் அதில் யார் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆண்டவரே கார்டு சேரட்டும், கார்டு சேரட்டும் என்று ஒரே ஜெபம். இரவுச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை குச்சி?"

"பன்னெண்டு."

"பெட்டியில மருந்து வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

டியூட்டிக்குப் போகக் கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்ல அப்பா ஓடினார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் விதி நோட்டு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு, கோவிலில் என்ன பாடினோம் என்று எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து தரையில் வைத்தாள். பதினோரு சிவப்புத் தலைகள். ஒன்று மட்டும் கருகி வளைந்திருந்தது. கோட்டைச் சுவரில் ஒரு நீளக் கீறல்.

"நல்லா இருக்கான்" என்றாள் முதலில். பிறகு, "எரிஞ்சுக்கிட்டே கட்டு மேல விழுந்திருக்கு. மாவுக்கட்டுல்ல, அணைஞ்சுருச்சு. அங்கிட்டு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா சோளத்தட்டை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"என் கார்டு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. வெள்ளிக்கெழமை காலையில. அங்கன ஒரு வாத்தியார் வாசிச்சுக் காட்டியிருக்காரு."

"குச்சி எப்ப எரிஞ்சுச்சு?"

"அன்னைக்கு மத்தியானம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு கீழே விழுந்தது. "அப்போ கார்டு முந்தியே போயிருச்சு" என்றேன். "அதான் ஒண்ணோட நின்னுருச்சு. இல்லேன்னா பன்னெண்டும் எரிஞ்சிருக்கும்."

அண்ணன் வாயைத் திறந்தான். "ஏலே" என்றாள் அம்மா, அவனைப் பார்த்து. அவன் மூடிக்கொண்டான். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பயந்திருந்த பார்வை அது இல்லை.

"ஆமா பிள்ள, அதான் நின்னுருச்சு. போய்ச் சாப்பிடு" என்றாள்.

அம்மா கடைசிவரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தி மகன்தான் சொன்னான், அதுவும் இருவருக்கும் தலை நரைத்த பிறகு, சிரித்துக்கொண்டே. திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அவை அவனுக்கு அசல் பூதங்கள். விரல் படாமல் பாவாடையைப் பிடித்துத்தான் நகர்த்துவானாம். உரசாதே என்று என் கார்டு வந்த பிறகுதான், அடடே, இது குச்சியல்லவா, அது பெட்டியல்லவா என்று அவனுக்குத் தோன்றியதாம்.

அன்று எனக்கு அது தெரியாது. என் கார்டு ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று தெரு முழுவதும் சொன்னேன். அடுத்த மாதம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொன்னபோது, நான்தான் முதலில் எழுந்தேன். கார்டு, ஜெபம், ஒரே ஒரு குச்சி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக் குனிந்திருந்தாள். எனக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.