ஒன்றும் கேளாத அரசனைத் தேடி

பல்கலைக்கழக இறுதி வருடத்தில், ஓர் இதிகாசத்தின் வெவ்வேறு வடிவங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். சிறையிலிருந்து மீண்ட அரசி நெருப்பில் இறங்கும் இடத்தை ஒவ்வொருவரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒன்றில் அரசன் நா கூசாமல் கடுஞ்சொல் பேசுகிறான். ஒன்றில் சிறையில் இருந்தது அவளே அல்ல, அவளுடைய நிழல். இன்னொன்றில் அவள் யாருக்கும் மறுமொழி சொல்லாமல் மண்ணுக்குள் போய்விடுகிறாள்.

உடுவில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் குசினி மேசைதான் எனக்கு வாசிக்குமிடம். பெரியம்மாவின் மகளான அக்கா எங்களோடு இருக்கிறாள். மரக்கறி வெட்டியபடி, நான் சொல்லும் கதைகளைக் கேட்பாள்.

போர் முடிந்து, தடுப்புமுகாமிலிருந்து அவள் வந்தபோது நான் சின்னப்பிள்ளை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், அங்கே என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். பிறகு ஒரு கலியாணம் பேசி வந்தது. சாதகமும் பொருந்தியது. முகாமில் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினால் நாள் வைக்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அக்கா "மாட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு புத்தகம் வாசிக்கிறாய். ஒண்டிலையாவது, அவள் திரும்பி வந்தவுடனை ஒண்டும் கேளாமல், 'வா, வீட்டை போவம்' எண்டு அவன் கூட்டிக்கொண்டு போறானோ?"

"இன்னும் காணேல்லை அக்கா."

"அப்ப தேடு."

நூலகத்தில் இருந்ததையெல்லாம் முடித்தேன். பிறமொழிக் கதைகளை மொழிபெயர்ப்பில் தேடி எடுத்தேன். சிலவற்றில் நெருப்பு இல்லை. ஆனால் சந்தேகம் வேறு வாசலால் உள்ளே வந்தது. எனக்குக் கிடைத்த எதிலும் அந்த அரசன் இல்லை. ஆய்வையே அந்த இல்லாத அரசனைப் பற்றி எழுதப்போவதாக விரிவுரையாளரிடம் சொன்னேன்.

"இல்லாத ஒண்டைப் பற்றி என்னெண்டு எழுதுவீர்?" என்றார் அவர்.

"ஏன் இல்லை எண்டு எழுதலாம்தானே, மிஸ்."

"அப்ப வாசிச்சதை எல்லாம் ஒழுங்காக் காட்டவேணும். அரைகுறையாக் கொண்டு வந்தால் நானே திருப்பி அனுப்புவன்."

எழுதினேன். பலமுறை திருப்பி எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அரசன் ஊர்ச்சனத்துக்காகத்தானே பிள்ளை அப்பிடிச் செய்தவர்?"

"ஓம் சேர். அந்தச் சனம் ஏன் கேட்டது எண்டதைத்தான் எழுதியிருக்கிறன்."

ஆய்வு ஏற்கப்பட்டது.

இப்போது சிங்களம் படிக்கிறேன். கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லப்படும் வடிவங்கள் அந்த மொழியிலும் உண்டு என்கிறார்கள். அவற்றை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நானே கேட்க வேண்டும். வகுப்புக்கு அக்காவும் வருகிறாள். எனக்கு எழுத்துகள் இன்னும் குழம்புகின்றன. ஆனாலும் விடுவதாக இல்லை.