பூனைக்கு மேலே சித்தப்பா

"பார்க்கிறவங்க கூடிக்கிட்டேதானே இருக்காங்க, அப்புறம் ஏன் கீழே போகுது?" என்று சித்தி கேட்டாள். சித்தப்பாவைக் காணவில்லை என்று நான் கைபேசியில் போட்டிருந்த பதிவைத்தான் சொன்னாள்.

சித்தப்பா முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஏழாவது மாடியில இருக்கேன்" என்பார். தெருவில் அவருக்கு ஏழாம் மாடி என்றே பெயர். இரண்டு வருடமாக ஞாபகம் நழுவுகிறது. அன்று சித்தி துணி காயப்போடப் போன நேரத்தில் பழைய சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை போட்டிருந்தார், சாப்பிடவில்லை. அதுதான் எங்களை உட்காரவிடவில்லை.

ஒன்பது மணிக்கு அவர் படத்தை ஊர்க்காரர்கள் பார்க்கும் செயலியில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நானூறு பேர் பார்த்தார்கள், பதிவுகளின் வரிசையில் மூன்றாவது இடம். பன்னிரண்டு மணிக்குத் தொள்ளாயிரம் பேர், இடமோ இருபத்திரண்டு. முதலிடத்தில், டப்பாவுக்குள் தலை மாட்டிய ஒரு பூனை. பார்த்தவர்கள் இருநூறு பேர்தான். ஆனால் அது வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

பார்த்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவின் வயதால் வகுத்துத்தான் மென்பொருள் வரிசை போடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. வயதைக் குறைத்தால் போதுமே. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் சித்தப்பா பூனைக்கு மேலே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் கைபேசியின் மேல்பக்கத்தில் அந்த வரியைப் பார்த்தேன்: உங்கள் பதிவுக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். தொட்டேன். அந்தப் பதிவு இப்போது இல்லை என்று வந்தது. நான் அழிப்பதற்கு நான்கு நிமிடம் முன்பு வந்த பதில் அது.

மறைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சொல்லிவிட்டேன். சித்தி திட்டவில்லை. "அழுறதுக்கு இப்ப நேரமில்ல. அவர்கூட வேலை பார்த்தவங்க நம்பரை எடு" என்றாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கட்டடக் காவலாளிகளையெல்லாம் விசாரித்தார்கள். ஒன்றரை மணிக்கு ஒரு காவலாளி கூப்பிட்டார். "அப்பவே எழுதினேனேம்மா, அதுக்குள்ள பதிவை எங்க தூக்கிட்டீங்க?"

அவர் சொன்ன கட்டடத்துக்குப் போனபோது சித்தப்பா லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "கயிறு உரசுது, யாரையும் ஏத்தாதீங்க" என்றார்.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது அனுப்புங்கள். யாரையாவது தேடிப் போட்ட பதிவை அழிக்கும் முன், அதன் அடியில் வந்திருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்.