சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு மூன்று காகிதம்

சென்ற மே மாதம் பிரான்சின் லியோன் விமான நிலையத்தில் நானும் என் மனைவி சுகுணாவும் இரண்டு வரிசைகளில் நின்றோம். அவள் பிரெஞ்சுக் குடிமகள். எட்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டாள். நான் நியூசிலாந்து பாஸ்போர்ட்காரன். கைரேகை, புகைப்படம், கேள்வி எல்லாம் முடிய ஒரு மணி பத்து நிமிடம். நான் வெளியே வந்தபோது அவள் பெட்டிகளை எடுத்து, காப்பி குடித்து, அழைத்துப் போக வந்த மகளோடு ஒரு வருடக் கதையைப் பேசி முடித்திருந்தாள். மகளுக்கு வரும் ஜனவரியில் குழந்தை. அங்கேயே வைத்து சுகுணா அறிவித்துவிட்டாள்: "பிரசவத்துக்கு வந்தா நான் ஆறு மாசம் இங்கதான். நீங்க தொண்ணூறு நாள்ல கிளம்பிடுங்க, இல்லன்னா போலீஸ் வரும்."

நானும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிடுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். மனைவி வழியில் நீண்டகால விசா எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வியாபாரிக்கு வாடகையைவிடச் சொந்தம் பிடிக்கும்.

எங்கள் சொந்த ஊர் காரைக்கால்; இப்போது இருப்பது நியூசிலாந்தில். என் மாமனார் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் அவர்களைச் 'சொல்தா' என்போம். பெண் பார்க்கப் போகும்போதே 'நேஷனாலிட்டி உண்டா' என்று கேட்கிற ஊர் அது. நிச்சயதார்த்தத்தன்று என் கூட்டாளி ஒருவன் சபையில் வைத்து, "இவன் பொண்ணக் கட்டல, பாஸ்போர்ட்டக் கட்டுறான்" என்று சொல்ல, இருபத்தாறு வயது ரத்தம் கொதித்து, "அந்தப் பாஸ்போர்ட்டைத் தொடவே மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். இருபத்தேழு வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். ரோஷத்துக்கு ஆன செலவு எவ்வளவு என்று கணக்குப் போடவில்லை. போட்டால் வயிறு எரியும்.

இனி வழிகள். நான் வக்கீல் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமாக மூன்று வழி. ஒன்று, அப்பா அல்லது அம்மா பிரெஞ்சுக் குடிமக்களாக இருப்பது. என் மகளுக்கு அப்படித்தான் வந்தது. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் 'எங்க தாத்தாவும் பிரெஞ்சுதான்' என்று கிளம்பும்முன் ஒன்று கவனியுங்கள்: ஐம்பது வருடத்துக்குமேல் குடும்பம் வெளிநாட்டிலேயே இருந்து, ஒரு பதிவும் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். இரண்டு, பிரான்சிலேயே முறையாகக் குடியிருந்து விண்ணப்பிப்பது. பொதுவாக ஐந்து வருடம். மூன்று, கல்யாணம். கல்யாணமாகி நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும். வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால், பிரெஞ்சுத் துணை அவர்களுடைய வெளிநாட்டுப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து. கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவிலும் ஏற்றியிருக்க வேண்டும். சுகுணா இதையெல்லாம் எப்போதோ செய்து வைத்திருந்தாள். இவற்றோடு பிரெஞ்சு மொழிச் சான்று. மகள் வீட்டுக்குப் போனால் பேச உதவும் என்று முன்பே எழுத ஆரம்பித்து, நான் மூன்றாம் முறைதான் தேறினேன். அதன் ஆயுள் இரண்டு வருடம். என்னுடையது அக்டோபரோடு முடிகிறது.

தலைநகர் வெலிங்டனில் பிரெஞ்சுத் தூதரக நேர்காணல் ஆகஸ்டில் ஒரு திங்கள்கிழமை காலை பத்தரைக்கு. முந்தைய வியாழன் மதியம் மின்னஞ்சல் வந்தது: நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரம் கோப்பில் போதவில்லை, கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் தேதியிட்ட, இருவர் பெயரும் ஒரே வீட்டு முகவரியும் உள்ள மூன்று காகிதங்களைக் கொண்டு வரவும். மகளின் பிறப்புச் சான்று பழசு, அது இதில் சேராது. திங்களை விட்டால் அடுத்த இடம் டிசம்பர். அதற்குள் மொழிச் சான்று செத்துவிடும். நான்காம் முறை அந்தத் தேர்வு எழுதுவதைவிட நான் மீன் லாரி ஓட்டப் போவேன். கையில் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

'இருபத்தேழு வருடக் கல்யாணத்துக்கு மூன்று காகிதம் கிடைக்காதா?' என்பீர்கள். கிடைக்காது. ஏனென்றால் நான் புத்திசாலி. கடை நொடித்தால் வீடு போகக்கூடாது என்று வீட்டை சுகுணா பெயரிலும், சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையையும், எங்கள் நகரத்திலேயே இன்னொரு பகுதியான மவுண்ட் வெல்லிங்டனில் உள்ள குடோனையும் என் பெயரிலும் பிரித்து வைத்திருந்தேன். வங்கிக் கணக்கு தனித்தனி. தண்ணீர், கரண்ட், இன்டர்நெட் அவள் பெயரில். எனக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றும் கடை முகவரிக்கு. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் முன்பின் தெரியாத இரண்டு பேர்.

வெள்ளி காலை 8.10-க்கு சான்ட்ரிங்ஹாம் சாலையில் பஸ் ஏறினோம். நகர மையம் ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், ஆளுக்கு ஐந்து டாலருக்குச் சில காசு குறைவு. வேன் இருந்தும் எடுக்கவில்லை. நகர மையத்தில் அரை நாள் வண்டி நிறுத்தும் காசுக்கு இரண்டு மூட்டை வெங்காயம் வரும். நல்ல மழை. 9.30-க்கு வங்கி. கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, அதற்கு ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். கவுன்டரில் இருந்தது ஒரு மதுரைப் பெண்.

"சார், உங்க வீட்டு அட்ரஸ்ல உங்க பேர்ல ஏதாவது பில் இருக்கா?"

"இல்லம்மா. எல்லாம் கடை அட்ரஸ்தான்."

"ரேட்ஸ், வீட்டு வரி பில்? கார்?"

"ரெண்டும் இவங்க பேர்ல."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க எங்க சார் குடியிருக்கீங்க?"

"அதத்தாம்மா நானும் இருபத்தேழு வருஷமாக் கேக்குறேன்" என்றாள் சுகுணா.

அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி வீண் போகவில்லை. கார் என்றதும் சுகுணாவுக்குப் பொறி தட்டியது. கார் அவளுடையது, ஆனால் காப்பீட்டில் 'கூட ஓட்டுபவர்' என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். எங்கே வசிக்கிறார் என்ற இடத்தில் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறாள். ரயில் நிலையத்தில் நின்றபடியே தொலைபேசியில் பேசி, பத்து நிமிடத்தில் பத்திரத்தை மின்னஞ்சலில் வரவழைத்தாள். ஒன்று ஆயிற்று.

அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடம், மவுண்ட் வெல்லிங்டன். பெரிய வணிக வளாகத்தின் பக்கத்திலேயே நிலையம். பத்து நிமிட நடையில் என் கணக்காளர் அலுவலகம். யாழ்ப்பாணத்துக்காரர், சொத்தைப் பிரித்து வைக்கும் யோசனையைச் சொன்னவரே அவர்தான். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தேன்: சுகுணாவின் வீட்டில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருப்பதுபோல் போன வருடத் தேதியில் ஓர் ஒப்பந்தம் எழுதித் தர முடியுமா? மறைக்க என்ன இருக்கிறது, கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, சொத்தைப் பிரிச்சு வையுங்கோ எண்டு நான் சொன்னது உண்மை. பொய்யை எழுதி வையுங்கோ எண்டு எப்பவாவது சொன்னனானோ?"

"இல்ல..."

"அக்கா தன்ர சொந்த வீட்டிலயே வாடகைக்கு இருக்கிறாவோ? பிரெஞ்சுக்காரன் என்ன விசரனோ, பைத்தியமோ?"

"நல்லாக் கேளுங்க தம்பி" என்றாள் சுகுணா. இந்த மாதிரி சமயத்தில் அவள் எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் எழுந்து போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். "இதை மறந்திட்டியளோ? குடோனுக்குக் கடன் எடுக்கேக்க, போன நவம்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்து வச்சனீங்கள்."

எங்கள் சொத்துப் பிரிவு ஒப்பந்தம். இந்த நாட்டில் கணவன் மனைவி சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஆளுக்கொரு வக்கீலை வைத்து இப்படி எழுதிக்கொள்ள வேண்டும். அதன் முதல் பத்தி இப்படித் தொடங்குகிறது: கீழ்க்கண்ட இருவரும் கணவன் மனைவி, இந்த முகவரியில் ஒன்றாக வாழ்கிறார்கள்.

சுகுணா இரண்டு முறை படித்தாள். "ஏங்க, இது எனக்கு அது உனக்குன்னு பிரிச்சுக்கிட்ட பத்திரத்தக் காட்டியா, நாங்க சேர்ந்து இருக்கோம்னு சொல்லணும்?"

"ஓம் அக்கா" என்றார் கணக்காளர். "பிரிஞ்சு போற ஆக்கள் இவ்வளவு ஒற்றுமையா எழுத மாட்டினம்." சான்றொப்பமிட்ட பிரதி கையில் கிடைத்தது. கட்டணம் வாங்கவில்லை, தேநீரும் கொடுத்தார். இரண்டு ஆயிற்று. மணி 12.40.

மழை வலுத்ததால் டாக்ஸி. மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து சான்ட்ரிங்ஹாம் பத்து கிலோமீட்டர், முப்பத்தாறு டாலர். ஓட்டுநர் மன்னார்க்காரர்; எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்து தானும் சேர்ந்துகொண்டார்.

"என்ர தம்பி பிரான்சிலதான். போய்ப் பதினெட்டு வருசம். முதல் ஒன்பது வருசம் விசாக் காட் இல்லாமலே சமையலறையில கோப்பை கழுவினவன். போன வருசம்தான் குடியுரிமை கிடைச்சது. நீங்கள் கலியாணம் கட்டின அண்டைக்கே வரிசையில நிண்டிருக்கலாம், நிக்கேல்ல. ஏன் அண்ணை?"

"ரோஷம் தம்பி."

"ரோசமோ!" என்று சிரித்தார். "அது வசதியான ஆக்களின்ர சாமான்." முப்பத்தாறு டாலரில் அந்த வார்த்தையும் அடக்கம். நாற்பதாகக் கொடுத்தேன்.

சான்ட்ரிங்ஹாமில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி இரண்டு மசால் தோசை, இரண்டு காப்பி, முப்பத்தெட்டு டாலர். சாப்பிடும்போதே எங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கை யோசித்தேன். இருவரும் அங்கேதான் பதிவு. 2.15-க்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் என் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முகவரி: கடை. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: கடை மேனேஜர். அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். கடையில் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் அவன்தானே என்று அப்போது எனக்கு நியாயமாகத் தோன்றியிருக்கிறது. முகவரியை மாற்றினால் இன்றைய தேதிதான் விழும், அதை எவன் நம்புவான்?

சுகுணா திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். மேனேஜர் பெயர் அங்கே இருந்தது அவளுக்குச் சுட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. "விடுங்க. டிசம்பர்ல பாத்துக்கலாம்" என்றாள் கடைசியில். பரீட்சைக்கு மூன்று முறையும் என்னோடு உட்கார்ந்து வினைச்சொல் மனப்பாடம் செய்ய வைத்தவள் அவள். அவள் குரலில் அந்த டிசம்பர் வரவே இல்லை.

வரவேற்புப் பெண் திரையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "போன அக்டோபரில் மருத்துவமனைக்குப் போனீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். போனேன். சிறுநீரகக் கல். அலறிய அலறலில் என் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை கிளினிக்குக்கு அனுப்பிய கடிதம் பதிவில் இருந்தது. அச்சடித்துக் கொடுத்தாள். நோயாளி வசிக்குமிடம்: எங்கள் வீடு. நெருங்கிய உறவு: மனைவி சுகுணா, அதே முகவரி. இவர் மனைவியின் கவனிப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

அன்று படிவத்தை நிரப்பியவள் சுகுணா. வாங்கிப் படித்தாள். "கல்லு வந்ததும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக் கைப்பையை மூடினாள். மூன்று ஆயிற்று. மணி 2.50.

திங்கள் காலை ஏழு மணி விமானம். வெலிங்டனுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். போக வர இருவருக்கும் 436 டாலர், முன்பே எடுத்திருந்தால் முந்நூறுக்குள் முடிந்திருக்கும். நேர்காணலில் என்னைத் தனியாக, அவளைத் தனியாக, பிறகு இருவரையும் சேர்த்து. காகிதங்களைத் தூதரக அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒப்பந்தத்தில் புருவம் உயர்ந்தது, மருத்துவமனைக் கடிதத்தில் இறங்கியது. கல்யாணமாகி இவ்வளவு வருடம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். நான் நிச்சயதார்த்தக் கதையைத் தப்பும் தவறுமான பிரெஞ்சில் சொன்னேன். சுகுணா சொன்ன பதிலை விமானத்தில் திரும்பும்போதுதான் எனக்குச் சொன்னாள்: "அவர் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்."

கோப்பு முழுமை என்று ரசீது கொடுத்துவிட்டார்கள். முடிவு வர ஒரு வருடம் வரை ஆகலாம். ஆக, ஜனவரியில் நான் இன்னும் தொண்ணூறு நாள் ஆசாமிதான். பரவாயில்லை. குழந்தைக்கு எந்த வரிசையில் வந்தேன் என்றா தெரியப்போகிறது?

இதே வழியில் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கட்டணமும் மொழித் தேர்வின் நிலையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தூதரகப் பக்கத்தைப் பார்க்காமல் என்னைப் போன்றவன் எழுதியதை நம்பிப் போகாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் இன்னும் கையில் இருந்தால், வேறு குடியுரிமை வாங்கிய அன்றே அது போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. மொழிச் சான்று வாங்கியதும் ஆறப் போடாதீர்கள். சொத்தைப் பிரித்து வைப்பது நல்ல வியாபாரம், அதை இன்னும் சொல்வேன். ஆனால் கரண்ட் பில்லிலாவது இரண்டு பேரும் குடியிருங்கள். பின்தேதி போட்ட காகிதம் எதையும் கேட்காதீர்கள். எனக்குக் கிடைத்தது திட்டு, உங்களுக்கு வேறு ஏதாவது கிடைக்கலாம்.

கடைசியாக ஒன்று. இனி எந்தப் படிவம் வந்தாலும் மனைவியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.